கலர் துணியில பழைய கறை: எதை முதல்ல பண்ணணும், எதை கடைசிக்கு வைக்கணும்

வெள்ளைத் துணின்னா ப்ளீச்சை ஊத்தி ஒரு வழி பண்ணிடலாம், கலர் துணியில அது நடக்காது. ஏன்னா கறையும் ஒரு கலர்தான், துணியோட சாயமும் ஒரு கலர்தான், ரெண்டும் ஒரே நூல்லதான் ஒட்டிட்டு இருக்கு. கறையை வெளுக்கிற எதுவும் சாயத்தையும் கொஞ்சம் கடிச்சுப் பாக்கும். அதனால லேசானதுல ஆரம்பிச்சு ஸ்ட்ராங்கானதுக்குப் போகணும். நான் பாத்த வரைக்கும் புதுசா பண்றவங்க பத்துல எட்டு பேர் இதை அப்படியே தலைகீழா பண்றாங்க.

1. அது கறைதானான்னு முதல்ல பாருங்க

இதைச் சொன்னா சிரிப்பாங்க, ஆனா நிறைய பேர் ரெண்டு நாள் ஊற வச்சு தேய்ச்சு ஓஞ்சு போனதுக்கு அப்புறம்தான் அது கறையே இல்ல, சாயம் போன இடம்னு தெரியும். பகல் வெளிச்சத்துல ஜன்னல் கிட்ட வச்சுப் பாருங்க. சுத்தி இருக்கிற துணியை விட அந்த இடம் கருமையா, மஞ்சளா, பழுப்பா இருந்தா கறை. சுத்தி இருக்கிறதை விட வெளுத்து இருந்தா, இல்ல நீலத் துணியில ஆரஞ்சு மாதிரி, கருப்புல செம்பழுப்பு மாதிரி தெரிஞ்சா, அங்க ப்ளீச்சோ வேற ஏதாவது கெமிக்கலோ பட்டு சாயம் போயிருக்கலாம். போன சாயத்தை எந்த லிக்விடும் திருப்பிக் கொண்டு வராது.

2. லேபிள்

காலர் உள்ளேயோ பக்கத்துத் தையல்லயோ இருக்கும். முக்கோணம்தான் நமக்கு முக்கியம். வெறும் முக்கோணம்னா எந்த ப்ளீச்சும் ஓகே, உள்ள ரெண்டு சாய்வு கோடு இருந்தா குளோரின் இல்லாத ப்ளீச் மட்டும், பெருக்கல் குறி போட்டிருந்தா எதுவும் கூடாது. தொட்டி படத்துக்குள்ள இருக்கிற நம்பர் அதிகபட்ச தண்ணி சூடு. நம்பருக்குப் பதில் புள்ளி இருந்தா ஒரு புள்ளி 30 டிகிரி, ரெண்டு புள்ளி 40. தொட்டி மேலயே பெருக்கல் குறின்னா தண்ணியில போடாதீங்க, டிரை கிளீனிங் கொடுத்துடுங்க.

பட்டு, கம்பளி ரெண்டும் தனிக் கதை. ரெண்டுமே புரதத்துல ஆன நூல். கீழ நான் சொல்ற என்சைம் டிடர்ஜென்ட் புரதத்தைத் தின்கிறது, கறையைத் தின்னுட்டு துணியை விட்டுடும்னு நினைக்காதீங்க. குளோரின் இல்லாத ஆக்சிஜன் ப்ளீச் பவுடரும் காரத்தன்மை உள்ளது, அதுவும் இதுங்களுக்கு ஆகாது. மைல்டான லிக்விட், பச்சத் தண்ணி, அதுக்கு மேல நிபுணர்கிட்ட.

3. சாயம் டெஸ்ட், தவிர்க்கவே கூடாது

துணியோட கீழ்மடிப்பு உள்பக்கம், இல்ல தையலுக்குள்ள மடங்கி இருக்கிற துணி, அங்க பண்ணணும். நீங்க யூஸ் பண்ணப் போற கரைசலை ரெண்டு சொட்டு விட்டு 10 நிமிஷம் விடுங்க, அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை வச்சு நல்லா அழுத்தி எடுங்க. வெள்ளையில கலர் ஏறலைன்னா ஓகே. ஏறுச்சுன்னா அந்த சாமான் இந்தத் துணிக்கு வேண்டாம்.

இங்க ரெண்டு விஷயம் மிஸ் ஆகும். ஒண்ணு, சோப்புக்கு டெஸ்ட் பண்ணிட்டு ஆக்சிஜன் ப்ளீச்சையும் அதே தெம்புல போடுறது. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா டெஸ்ட் வேணும். ரெண்டு, ஈரத்துல பாத்துட்டு முடிவு பண்றது. ஈரத்துல எல்லா இடமும் கருமையாதான் தெரியும், வெளுத்தது காஞ்சா மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். டெஸ்ட் இடத்தை அலசி காய விட்டு அப்புறம் பாருங்க. அரை நாள் போகும், போகட்டும், எத்தனையோ மாசமா இருக்கிற கறை ஒரு நாள்ல ஓடிடாது.

4. கையில வச்சுக்க வேண்டியது

பாதியில எழுந்து தேடப் போனா அதுக்குள்ள போட்டது காஞ்சு வளையம் விட்டுடும், அதனால எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வைங்க. பிளாஸ்டிக் பக்கெட் (இரும்பு, அலுமினியம் வேண்டாம்), சாயம் போகாத வெள்ளைத் துணி நாலஞ்சு, மழுங்கின ஸ்பூன், மெத்துனு இருக்கிற பழைய டூத்பிரஷ், பாத்திரம் கழுவுற லிக்விட், என்சைம் இருக்கிற டிடர்ஜென்ட், வெள்ளை வினிகர், ஹேண்ட் சானிடைசர் இல்ல ஐசோபுரோபைல் ஆல்கஹால், கடைசியா ஆக்சிஜன் ப்ளீச் பவுடர். பாக்கெட் பின்னாடி சோடியம் பெர்கார்பனேட்னு போட்டிருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. டிடர்ஜென்ட்லயும் அதே மாதிரி என்சைம்னோ புரோட்டியேஸ்னோ இருக்கான்னு பாருங்க, எல்லா சோப்புத் தூள்லயும் அது இருக்காது.

லிஸ்ட்ல இல்லாதது குளோரின் ப்ளீச். அந்த பாட்டிலை இந்த வேலை முடியுற வரைக்கும் வேற ரூம்ல வைங்க. கலரை எடுத்துடும்கிறது ஒரு காரணம், பெரிய காரணம் வேற: அது வினிகரோட சேர்ந்தா குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள கிளீனரோட சேர்ந்தா குளோரமின் வரும். ரெண்டும் நுரையீரலைப் பதம் பாக்கும். மூடின பாத்ரூம்ல இது விளையாட்டு இல்ல.

5. என்ன கறைன்னு கண்டுபிடிக்கிறது

பழைய கறைன்னா எங்க பட்டுச்சுன்னே ஞாபகம் இருக்காது. இடம் பாதி விடை சொல்லும்: அக்குள், காலர்னா வியர்வை, நெஞ்சு, மடின்னா சாப்பாடு, பாக்கெட் கீழ்னா பேனா மை. தொட்டுப் பாருங்க. விறைப்பா, பொருக்கு மாதிரி இருந்தா பால், முட்டை, ரத்தம் மாதிரி புரத சமாச்சாரம், இல்ல சர்க்கரை. தொட்டா ஒண்ணும் வித்தியாசமில்லாம, ஆனா விளிம்பு கலங்கலா, நூல் போற திசையில லேசா நீண்டு இருந்தா எண்ணெய். விளிம்புல ஒரு கோடு மாதிரி கருத்து நடுவுல வெளிறி இருந்தா டீ, காபி, ஜூஸ் வகை. ஆரஞ்சு பழுப்புல சின்ன சின்னப் புள்ளி, பட்டன் ஹூக் ஓரமா இருந்தா துரு.

ஒரே கறைக்குள்ள ரெண்டு மூணு இருக்கும், அது சகஜம். பால் விட்ட டீன்னா கொழுப்பு, புரதம், டீயோட சாயம் மூணும் இருக்கு. அதனாலதான் கீழ இருக்கிற வரிசை. என்ன கறைன்னு சுத்தமா தெரியலைன்னாலும் இந்த வரிசையில போனா ஒண்ணும் கெட்டுப் போகாது, துருவும் மையும் மட்டும் விதிவிலக்கு, அதை 8-ல தனியா சொல்றேன்.

6. தண்ணி படுறதுக்கு முன்னாடி

நேரா பக்கெட்ல முக்குறதுதான் முதல் தப்பு. மேல காஞ்சு ஒட்டிட்டு இருக்கிறதை ஸ்பூன் விளிம்பால சுரண்டி எடுங்க. சேறா இருந்தா பிரஷ் பண்ணி உதறுங்க, காஞ்ச மண்ணு உதிர்ந்துடும், நனைச்சா நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

எண்ணெய்னு சந்தேகம் இருந்தா காஞ்ச துணி மேலயே பாத்திரம் கழுவுற லிக்விடைத் தண்ணி கலக்காம விடுங்க. துணி முதல்ல நனைஞ்சுட்டா நூலெல்லாம் தண்ணி நிறைஞ்சு லிக்விட் எண்ணெய் கிட்ட போக இடம் இருக்காது. விரல்ல மெதுவா பரப்பி 30 நிமிஷம் விடுங்க. பழைய எண்ணெய் காத்து பட்டுப் பட்டு மஞ்சளாகி பிசின் மாதிரி இறுகி இருக்கும், ஒரு தடவையில போகாது, ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டி வரலாம். அப்புறம் லேபிள் விடுற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணியில அலசுங்க. எண்ணெயை எடுக்காம மேல போனா கீழ சொல்ற எதுவும் வேலை செய்யாது, எல்லாமே தண்ணியில கரைஞ்சது, எண்ணெய்ப் படலம் உள்ள விடாது. (ரத்தம், முட்டை, பால் மாதிரி இருந்தா மட்டும் இந்த அலசலும் பச்சத் தண்ணியிலதான்.)

தேய்க்கிற விதம் பத்தி ஒரு வார்த்தை. துணியைத் திருப்பி உள்பக்கத்துல இருந்து வேலை பண்ணுங்க, கீழ ஒரு வெள்ளைத் துணி இருக்கட்டும், கறை வந்த வழியே திரும்பிப் போகணும். வெளி விளிம்புல இருந்து நடுவுக்கு வாங்க, நடுவுல இருந்து வெளிய போனா வட்டம் பெருசாகும். அழுத்தித் தேய்க்கிறதை விட ஒத்தி ஒத்தி எடுக்கிறதுதான் கலர் துணிக்கு நல்லது. பிரஷால வெறி பிடிச்ச மாதிரி தேய்ச்சா மேல இருக்கிற நூல் பிசிறு கிளம்பி அந்த இடம் வெளுத்த மாதிரி ஆயிடும், கறை போயும் திட்டு நிக்கும். டூத்பேஸ்ட் வச்சுத் தேய்க்கச் சொல்ற டிப்ஸ் எல்லாம் இதே ஆபத்துதான், அதுல அரைக்கிற துகள் இருக்கு.

7. பச்சத் தண்ணி, என்சைம் ஊறல்

பச்சத் தண்ணியில ஆரம்பிக்கிறதுக்குக் காரணம் புரதம். முட்டையைச் சூடு பண்ணா எப்படி இறுகுதோ அப்படியே துணியில இருக்கிற ரத்தமும் பாலும் சுடு தண்ணி பட்டா நூலோட இறுகிக்கும். அரை மணி நேரம் பச்சத் தண்ணியில போட்டு, தண்ணி கலங்குனா மாத்தி, தெளியுற வரைக்கும் பண்ணுங்க.

அதுக்கு அப்புறம் என்சைம் டிடர்ஜென்ட். வெதுவெதுப்பான தண்ணி, 30-ல இருந்து 40 டிகிரி, கை விட்டா சூடுன்னும் தெரியக் கூடாது சில்லுன்னும் தெரியக் கூடாது. கொதிக்கிற தண்ணி ஊத்துனா என்சைமே செத்துடும், வெறும் சோப்புத் தண்ணிதான் மிஞ்சும். என்சைம் வேகமா வேலை பண்ற ஆள் இல்ல, 15 நிமிஷத்துல எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் ஆகலைன்னு அலுத்துக்காதீங்க, குறைஞ்சது 2 மணி நேரம், முரட்டுக் கறைன்னா ராத்திரி முழுக்க. டெஸ்ட்ல சாயம் லேசா வந்த துணின்னா மட்டும் இந்த ஊறல் வேண்டாம்.

மொத்தத் துணியும் மூழ்கி இருக்கணும். கறை இருக்கிற மூலையை மட்டும் நனைச்சு வச்சா ஈரமும் காஞ்சதும் சேர்ற இடத்துல ஒரு கோடு விழும், அதைப் போக்குறதுக்குத் தனியா ஒரு நாள் ஆகும்.

8. தனி ட்ரீட்மென்ட் கேக்குற கறைகள்

*பேனா மை.* இதுக்கு தண்ணிக்கு முன்னாடியே ஆல்கஹால். கறைக்குக் கீழ மடிச்ச வெள்ளைத் துணி வச்சு மேல சானிடைசர் விட்டு ஒத்துங்க, கீழ நீலமா இறங்குறது தெரியும், உடனே கீழ இருக்கிற துணியை நகர்த்தி சுத்தமான இடத்துக்கு மாத்துங்க. நிறைய பேர் இதை மாத்தாம இறங்குன மையையே திரும்ப ஏத்திட்டு இருப்பாங்க. பால்பாயிண்ட் மை இதுல நல்லா வரும். நிறமித் துகள் இருக்கிற ஜெல் மை பெரும்பாலும் முழுசா வராது. அடுப்பு, விளக்கு பக்கத்துல இதைப் பண்ணாதீங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அதுல பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், அசிட்டேட்னு லேபிள்ல போட்ட துணின்னா அது பட்ட இடம் அப்படியே கரைஞ்சு போயிடும்.

*துரு.* இதை ஆக்சிஜன் ப்ளீச்சுக்கு முன்னாடி எடுத்தே ஆகணும். அந்த ப்ளீச் தண்ணியில விடுற பெராக்சைடும் துருவுல இருக்கிற இரும்பும் சேர்ந்தா அந்தப் புள்ளியில ரியாக்‌ஷன் ரொம்ப உக்கிரமா நடந்து நூலையே அரிச்சுடும், அடுத்த துவையல்ல பாத்தா புள்ளி இருந்த இடத்துல ஓட்டை. எலுமிச்சைச் சாறு இல்ல சிட்ரிக் ஆசிட் கரைசல் விட்டு 15 நிமிஷம், அலசி, திரும்பவும். ஒரு விஷயம், எலுமிச்சை போட்டு வெயில்ல வைக்கிற டிப் வெள்ளைத் துணிக்கு. கலர் துணியை நிழல்லயே பண்ணுங்க, இல்லன்னா அந்த இடம் வெளுக்கும்.

*மஞ்சள்.* இது கறை இல்ல, அசல் சாயம்தான். எங்க அக்கா பொண்ணு ஒரு நாள் பச்சை டாப் ஒண்ணைத் தூக்கிட்டு ஓடி வந்தா, மஞ்சள் கறை மேல சோப்பு போட்டிருக்கா, அது செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, பயந்து போய் டாய்லெட்டுக்கு வச்சிருந்த ப்ளீச்சை மேல ஊத்திட்டா. சிவப்பு போச்சு, கூடவே பச்சையும் போச்சு, உள்ளங்கை அளவுக்கு வெளுத்த திட்டு. அவ அவசரப்படாம இருந்திருந்தா போதும். மஞ்சள்ல இருக்கிற குர்குமின் சோப்பு மாதிரி காரம் பட்டா சிவக்கும், நல்லா அலசி ஒரு சொட்டு வினிகர் விட்டா திரும்ப மஞ்சளாயிடும், அவ்வளவுதான். அதுக்கு இருக்கிற பலவீனம் வெளிச்சம். எண்ணெயையும் சோப்பையும் முடிச்சுட்டு ஈரமா இருக்கும்போதே கறை மட்டும் வெயில்ல தெரியுற மாதிரி மிச்சத்தை வேற துணியால மூடி வைங்க. மணிக்கு ஒரு தரம் பாருங்க, துணி சாயமும் வெயிலுக்கு வெளுக்கும், எது முந்துதுங்கிறதைக் கண்ணால கவனிச்சுட்டே இருக்கணும். ரெண்டு மூணு நாள் விட்டு விட்டு பண்றது நல்லது.

*டீ, காபி, ஜூஸ்.* கட்டி சோப்பு போடாதீங்க, இந்த வகைக் கறை அதுல இன்னும் பிடிச்சுக்கும். லிக்விட் டிடர்ஜென்ட், அப்புறம் ஒரு பங்கு வினிகர் ரெண்டு பங்கு தண்ணி 20 நிமிஷம், அலசி நேரா 9-க்குப் போங்க.

*அக்குள் கறை.* டியோடரன்ட்ல இருக்கிற அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து இறுகினதுதான் அந்த விறைப்பு. இங்க வினிகர் முதல்ல, அதே அளவுல அரை மணி நேரம், நல்லா அலசி அப்புறம் என்சைம் ஊறல். வியர்வையே சாயத்தை மாத்திட்ட இடம்னா விறைப்பும் வாடையும் போகும், கலர் திரும்பாது.

*ரத்தம்.* 7-ல சொன்னது போதும் பெரும்பாலும். மிச்சம் இருந்தா, டெஸ்ட் பாஸ் ஆனா மட்டும், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டு சொட்டா. நுரைக்கும், நுரை நின்னதும் ஒத்தி எடுத்து அலசிடுங்க, ஊற விடாதீங்க.

9. ஆக்சிஜன் ப்ளீச், கடைசி ஆயுதம்

4 லிட்டர் தண்ணிக்கு 2 டேபிள்ஸ்பூன் அளவு சரியா இருக்கும், பாக்கெட்ல வேற அளவு இருந்தா அதையே எடுத்துக்கோங்க. தண்ணி 40 டிகிரி பக்கம் இருக்கணும், சில்லுத் தண்ணியில இது சோம்பேறி. முதல்ல பவுடரை முழுசா கரைங்க, அடியில ஒரு துகள் கூட தட்டுப்படக் கூடாது, அதுக்கு அப்புறம்தான் துணி. துணி மேல பவுடரைத் தூவி தண்ணி ஊத்துறவங்களைப் பாத்திருக்கேன், கரையாத துகள் உக்காந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வெளிறின புள்ளியாகி, ஒரு கறையைப் போக்க வந்து நாற்பது புள்ளி வாங்கிட்டுப் போனாங்க.

கலர் துணின்னா முதல் தடவை 1 மணி நேரம். எடுத்துப் பாருங்க, கறை குறையுது கலர் அப்படியே இருக்குன்னா இன்னும் ரெண்டு மணி நேரம். அதிகபட்சம் 6 மணி நேரம், அதுக்குள்ள கரைசலோட சக்தியே பெரும்பாலும் தீர்ந்திருக்கும், மேல வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல, வேணும்னா புதுசா கரைங்க. மிச்சமான கரைசலை பாட்டில்ல ஊத்தி மூடி வைக்காதீங்க, ஆக்சிஜன் வந்துட்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். இரும்பு ஹூக், ஜிப் இருந்தா ரொம்ப நேரம் ஊற விடாதீங்க. கையுறை போட்டுக்கோங்க.

பேக்கிங் சோடாவும் வினிகரும் ஒண்ணா கலந்து நுரை பொங்குறதைக் காட்டுற வீடியோ பாத்து அதை இந்த ஸ்டெப்புக்குப் பதிலா பண்றவங்க உண்டு. நுரை அழகாதான் இருக்கும், ஆனா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு மிஞ்சுறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. தனித்தனியா ரெண்டுக்கும் வேலை இருக்கு, சேர்த்தா இல்ல.

ஒவ்வொரு சாமானுக்கும் நடுவுல நல்லா அலசணும்னு தனியா சொல்லத் தேவையில்லைன்னு நினைச்சேன், இல்ல சொல்லணும். வினிகர் மிச்சம் இருக்கிற துணியை ஆக்சிஜன் ப்ளீச்ல போட்டா ஒண்ணு ஒண்ணோட சக்தியைக் குறைக்கும், பெராக்சைடும் வினிகரும் சேர்ந்து உருவாகிற அமிலம் கையையும் கண்ணையும் எரிச்சல் பண்ணும். ரெண்டு தண்ணி, வாடை போற வரைக்கும்.

10. காய வைக்கிறது, பாக்குறது

மெஷின் டிரையர் வேண்டாம், அயர்ன் தொடவே கூடாது. மிச்சம் இருக்கிற கறை மேல சூடு பட்டா அது நிரந்தரம், பழைய கறைகள்ல பாதி இப்படித்தான் பழசாகுது. நிழல்ல கொடியில போட்டு முழுசா காஞ்சதும் பகல் வெளிச்சத்துல பாருங்க.

பாதி குறைஞ்சிருந்தா அதே வரிசையை இன்னொரு தடவை, ஆனா எந்த ஸ்டெப்ல குறைஞ்சதோ அங்க இருந்து. ஒண்ணுமே குறையலைன்னா கறை வகையைத் தப்பா கணிச்சிருக்கீங்கன்னு அர்த்தம், அளவைக் கூட்டாதீங்க, 5-க்குத் திரும்புங்க. விளிம்புல வளையம் மாதிரி தெரிஞ்சா பெரும்பாலும் அது கறை இல்ல, சரியா அலசாத டிடர்ஜென்ட், முழுத் துணியையும் ரெண்டு தண்ணி அலசினா போயிடும்.

11. எங்க நிறுத்தணும்

மூணு சுத்துக்கு அப்புறமும் அதே அளவுல இருந்தா விட்டுடுங்க. அதுக்கு முன்னாடியே நிறுத்த வேண்டிய அடையாளமும் இருக்கு: ஊற வச்ச தண்ணி கறை கலர்ல இல்லாம துணி கலர்ல மாற ஆரம்பிக்கிறது, இல்ல அந்த இடத்துல துணி தடவினா சுத்தி இருக்கிறதை விட மெலிசா, மெத்துன்னு படுறது. அங்க நூல் தேய ஆரம்பிச்சாச்சு. அக்கா பொண்ணோட பச்சை டாப்ல அந்தத் திட்டு மேல இப்ப ஒரு பாக்கெட் இருக்கு, இடது பக்கம் கொஞ்சம் கீழ தள்ளி. ஏன் அங்க பாக்கெட்னு கேட்டா டிசைன்னு சொல்றா.